பன்னிரண்டா, இருபத்துநாலா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் சாலை எது, சாலையோரம் எது என்று தெரியாது. ஸ்கிராப் இரும்பு ஏற்றிய லாரிகள் வருஷம் முழுக்க மிதித்து, தார் ரோட்டின் இரண்டு பக்கமும் மண்ணை மாவாக்கி வைத்திருக்கும். மழை விழுந்ததும் அந்த மாவு களியாகிவிடும். எதிரே வரும் டிரெய்லருக்கு வழிவிடுகிறேன் பேர்வழி என்று அரை அடி கீழே இறங்குகிற மினி வேன், அப்படியே அச்சுவரை உட்கார்ந்துவிடும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் நாலு விரற்கடை கீழே போகும்.

ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டால் வந்துசேர அரை நாள். வந்தாலும் ஒரு மணி நேர வாடகைக்குக் குறைந்து இறங்கமாட்டார். அதனால் அந்தப் பக்கத்தில் ஜீப் வைத்துக்கொண்டு, முன்னால் வின்ச் பூட்டி, சிக்கின வண்டிகளை இழுத்துவிடுவதையே பக்கத் தொழிலாக வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. வின்ச் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார், அது சுற்றுகிற உருளை, உருளையில் சுற்றின கம்பிக் கயிறு. கிணற்று ராட்டினத்துக்குக் கரண்ட் கொடுத்து, வண்டியின் மூக்கில் படுக்கவைத்த மாதிரி.

அங்கே ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். ரிட்டயர் ஆனது எனக்குத்தான். என் போன் நம்பருக்கு இல்லை. இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி, ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா, போர் மோட்டார் ஏன் ட்ரிப் ஆகிறது என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். 2022 மழைக்கு முன்னால் கேட்டவர், கவரப்பேட்டையில் சர்வீஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி. பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். அப்பா மில்லில் எங்களோடு வேலை பார்த்தவர்.

"சார், ஜீப்புல இருக்கிற வின்ச்சுல பவர் பத்தல. ரோப்பு பாதி சுத்தறதுக்குள்ள முனக ஆரம்பிச்சுடுது. காயலான் கடையில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். லாரில இருந்து கழட்டினது. 24 வோல்ட்டு. புதுசு விலையில பாதிதான் சார்."

"உன் ஜீப் 12 வோல்ட்டாச்சேப்பா?"

"இன்னொரு பேட்டரி வெச்சுக்கலாம் சார். 12-ஐவிட 24 டபுள் இல்லையா? இழுவையும் டபுளா இருக்கும்ல?"

காசு எங்கிருந்து என்று கேட்டேன். அம்மா வளையலை வைக்கப் போகிறார்களாம். மழை மூன்று மாதம். அந்த மூன்று மாத வரும்படியில் மீட்டுவிடலாம் என்று கணக்கு. வளையல் என்றதும் எனக்கு போனிலேயே 'சரி', 'வேண்டாம்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுத்துடாதே" என்றேன்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வியல்ல. படித்தவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வோல்ட் என்றால் பலம், அதிக வோல்ட் என்றால் அதிக பலம் என்று நம் எல்லோர் மனசிலும் ஒரு எண்ணம். கரண்ட் கம்பத்தில் 'அபாயம்' போர்டில் மண்டை ஓட்டுக்குக் கீழே வோல்ட்தானே எழுதியிருக்கிறது!

மேல்தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரம் என்பது வோல்ட். குழாய் வழியே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வேலை, அதாவது வாட். உயரத்தைக் கூட்டினால் குறைந்த தண்ணீரிலேயே அதே சக்கரத்தைச் சுற்றலாம். உயரம் கம்மி என்றால் தண்ணீர் ஏராளமாக ஓடவேண்டும். குழாயும் பருமனாக இருக்கவேண்டும்.

கிராமத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற 5 குதிரை மோட்டாரைப் பாருங்கள். மூன்று பேஸ், 415 வோல்ட். ஓடும்போது ஒரு பேஸுக்கு ஏழு எட்டு ஆம்பியர்தான் எடுக்கும். சுண்டுவிரலைவிட மெல்லிய ஒயர் போதும். இப்போது ஜீப் வின்ச்சுக்கு வாருங்கள். நாலு டன் சொச்சம் இழுக்கிற வகை வின்ச் மோட்டாரும் ஏறக்குறைய அதே ஐந்தாறு குதிரைதான். ஆனால் கையில் இருப்பது 12 வோல்ட். முழு லோடில் அது கிட்டத்தட்ட 400 ஆம்பியர் குடிக்கும். 400! நம் வீட்டு மெயின் ஃப்யூஸ் முப்பது நாற்பதில் விழுந்துவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பின் ஆல்டர்னேட்டர், மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள், அறுபது எழுபது ஆம்பியர் தந்தால் பெரிய விஷயம். மிச்சம் அத்தனையும் பேட்டரியின் ரத்தம்.

அதே வின்ச்சை 24 வோல்ட்டுக்குச் செய்தால் ஆம்பியர் பாதியாகிவிடும். கம்பியில் சூடாக வீணாகும் சக்தியோ பாதி அல்ல, கால்வாசியாகிவிடும். அது ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறி இறங்குகிற சமாசாரம். மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனால் அத்திப்பட்டு தாண்டும்போது அனல் மின் நிலையத்திலிருந்து ராட்சசக் கோபுரங்கள் வரிசையாகக் கிளம்பிப் போவது தெரியும். லட்சக்கணக்கான வோல்ட்டில் ஏன் மின்சாரத்தை அனுப்புகிறார்கள்? இதே கணக்குத்தான். ஆம்பியரைக் குறைத்தால் வழியில் சேதாரம் குறையும்.

அப்படியானால் 24 நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், வண்டியே 24 ஆக இருந்தால்.

இங்கேதான் பலபேர் கவனிக்காத ஒரு சங்கதி. கம்பெனிகள் ஒரே மாடல் வின்ச்சை 12-லும் 24-லும் விற்கிறார்கள். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழுவை ஒரே எண்தான் போட்டிருக்கும். மோட்டாருக்குள் சுற்றின கம்பியும், அதை ஆன் பண்ணுகிற சொலினாய்டும் வேறே தவிர, பல்சக்கரமும் உருளையும் அதேதான். 24 வாங்கினால் டபுள் இழுவை என்பது பெட்டியைப் படிக்காதவர் நம்பிக்கை. ஒரு குறிப்பிட்ட மோட்டாரை எடுத்துக்கொண்டால், இழுக்கிற பலம் ஆம்பியரில் இருக்கிறது. சுற்றுகிற வேகம் வோல்ட்டில் இருக்கிறது.

12, 24 என்று இரண்டு ஜாதி எப்படி வந்தது என்பது தனிக்கதை. ஈய பேட்டரியில் ஒரு அறைக்கு இரண்டு வோல்ட் சொச்சம். மூன்று அறை வைத்தால் 6, ஆறு வைத்தால் 12. ஆரம்பத்தில் கார்களெல்லாம் 6 வோல்ட். பழைய புல்லட் ஓட்டினவர்களுக்கு அந்த மங்கல் மஞ்சள் வெளிச்சம் ஞாபகம் இருக்கும். எஞ்சின் பெரிசாக ஆக, செல்ஃப் மோட்டாருக்கு 6 போதவில்லை. 1950-களில் அமெரிக்கக் கார்கள் 12-க்கு மாறின. இரண்டாம் உலகப்போர் ஜீப் 6 வோல்ட். அதற்குப் பின்னால் 1950 வாக்கில் வில்லிஸ் கம்பெனி ராணுவத்துக்குச் செய்த எம்38 ஜீப் நேரே 24-க்குத் தாவிவிட்டது. ரேடியோ அது இது என்று ராணுவத்துக்குப் பசி அதிகம்.

நம் பக்கத்திலேயே இரண்டு ஜாதிக்கும் ஊர் உண்டு. எண்ணூரில் அசோக் லேலண்ட். அவர்களுடைய கனரக லாரிகளும், ராணுவத்துக்குப் போகிற ஸ்டாலியனும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். பெரிய டீசல் எஞ்சினைக் காலையில் எழுப்புவது லேசான வேலையா? அந்தப் பக்கம் திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்ஸரும் பஜேரோவும் பூட்டி அனுப்பினார்கள். பஜேரோ காடுமேடெல்லாம் ஏறும். ஆனால் பேட்டரி விஷயத்தில் காரின் ஜாதி, 12. வெளிநாட்டில் விதிவிலக்கு உண்டு. பழைய டொயோட்டா லேண்ட் க்ரூஸர் டீசல்களில் 24 வோல்ட் வண்டிகள் இருந்தன. அதனால்தான் இறக்குமதியான பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பானெட்டைத் திறந்து பார்த்தாயா என்றுதான். இரண்டு பேட்டரி தெரிந்தாலும் உடனே 24 என்று முடிவு கட்டக்கூடாது. ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருந்தால் அது 12-தான், வயிறு மட்டும் பெரிசு. ஒன்றின் ப்ளஸ் இன்னொன்றின் மைனஸுக்குப் போனால்தான் 24. ஐநூறு ரூபாய் மல்டிமீட்டர் இந்த வழக்கை ஒரு நொடியில் தீர்த்துவிடும். எஞ்சின் ஓடும்போது 14 பக்கம் காட்டினால் 12 வோல்ட் வண்டி. 28 பக்கம் காட்டினால் 24.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் பேட்டரிக்கடை பாயும் வந்து நின்றுகொண்டார். அவருக்கும் இந்த விவகாரத்தில் அக்கறை. இன்னொரு பேட்டரி விற்கும் வாய்ப்பு இருக்கிறதே. ஆனால் மனுஷன் நேர்மையானவர். "நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். டைனமோ 14 கொடுக்குது. 24 பேட்டரி செட்டை எதை வெச்சு சார்ஜ் பண்ணுவான்? டெய்லி கழட்டி என் கடைக்குத் தூக்கிட்டு வருவானா?" என்றார். நான் சொல்ல வந்ததில் பாதியை அவரே சொல்லிவிட்டார்.

மீதிப் பாதிக்கு டெஸ்ட் பண்ணவேண்டியிருந்தது. லோடு லாரி ஒன்றின் பின்பக்கத்தில் கொக்கியை மாட்டி, ஜீப்பை லேசாக பிரேக் பிடித்து நிறுத்தி, வின்ச்சை ஓட்டச் சொன்னேன். ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு முனகி முனகி நகர்ந்தது. தம்பி பெருமையாக ஒரு டாங் டெஸ்டரைக் கொண்டுவந்து கேபிளில் மாட்டினார். ஜீரோ காட்டியது. "பார்த்தீங்களா சார், கரண்டே எடுக்கல!" சாதாரண டாங் டெஸ்டர் ஏசிக்குத்தான் வேலை செய்யும் தம்பி, பேட்டரி டிசி என்று சொல்லி, என் பையிலிருந்த டிசி க்ளாம்ப் மீட்டரை எடுத்தேன். 300 ஆம்பியர் சுமார் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மல்டிமீட்டர். பேட்டரி முனையில் வைத்தால் 11.2 வோல்ட். பரவாயில்லை, இவ்வளவு இழுக்கும்போது பேட்டரி அந்த அளவு தாழத்தான் செய்யும். அதே நேரம் வின்ச் மோட்டார் முனையில் வைத்தால் 8.4.

பேட்டரியிலிருந்து கிளம்பினது 11.2. வந்து சேர்ந்தது 8.4. நடுவில் 2.8 வோல்ட் காணோம். 300 ஆம்பியரோடு பெருக்கிப் பாருங்கள், 840 வாட். வீட்டில் துணி தேய்க்கிற ஒரு இஸ்திரிப் பெட்டி, ஜீப் பானெட்டுக்குள் எங்கேயோ ஒளிந்து எரிந்துகொண்டிருக்கிறது! கேபிளைத் தொட்ட பாய் "அம்மாடி" என்று கையை எடுத்துவிட்டார்.

தேடினோம். ப்ளஸ் கேபிள் பார்க்கப் பருமனாகத்தான் இருந்தது. ரப்பரைச் சீவினால் உள்ளே கம்பி சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. மைனஸுக்கு என்று தனி கேபிளே கிடையாது. வின்ச்சை பம்பரில் பூட்டி, பம்பர் வழியாக சேஸிஸ், சேஸிஸ் வழியாக பேட்டரி என்று 'பாடி எர்த்' கொடுத்திருந்தார்கள். ஹாரனுக்கும் விளக்குக்கும் பாடி எர்த் போதும். 300 ஆம்பியரைத் துருப்பிடித்த போல்ட் வழியாகத் திரும்பி வா என்றால் அது எப்படி வரும்? உப்பங்கழிக் காற்று வேறு. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வீசுகிற காற்றில் கும்மிடிப்பூண்டி இரும்புக்கு ஆயுசு எப்போதுமே கம்மி.

வின்ச் பலவீனமாக இல்லை. அதற்குச் சோறு போகிற வழிதான் அடைத்திருந்தது.

அன்று சாயந்திரமே வேலையை முடித்துவிட்டார்கள். 50 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள், ப்ளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று, இரண்டும் நேரே பேட்டரி முனைக்கு. லக்குகளைச் சுத்தியலால் நசுக்காமல், க்ரிம்பிங் டூல் வைத்து அடிக்கச் சொன்னேன். ஒரு எச்சரிக்கை: மார்க்கெட்டில் வெல்டிங் கேபிள் என்று சொல்லி அலுமினியத்துக்குச் செம்பு நிறம் பூசி விற்கிறார்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். அலுமினியம் என்றால் அதே பருமனுக்குத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். ப்ளஸ் கேபிள் சேஸிஸ் ஓரத்தில் உரசாமல் ரப்பர் குழாய்க்குள் விடச் சொல்லி, பேட்டரி பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போடவைத்தேன். வின்ச் கேபிளுக்குப் பெரும்பாலானவர்கள் ஃப்யூஸ் போடுவதில்லை. அது உரசி உரசி ரப்பர் தேய்ந்து ஒருநாள் சேஸிஸைத் தொட்டால், வெல்டிங் மிஷின் வேறு வேண்டாம்.

மறுபடி அதே லாரி, அதே இழுவை. மோட்டார் முனையில் 10.3. முதலில் 80 வினாடி பிடித்த தூரத்தை 60 வினாடியில் சுற்றி முடித்தது. முனகல் போய் ஒரு சீரான உறுமல். தம்பி முகத்தைப் பார்க்கவேண்டுமே! செலவு அந்தக் காயலான் கடை வின்ச் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வளையல் வீட்டிலேயே இருந்தது.

அந்த 24-ஐ வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 12-ல் இணைத்தால் சொலினாய்டு 'டக்' என்றுகூடச் சொல்லாமல் போகலாம். இழுத்தாலும் மோட்டார் அரை வேகத்தில் தவழும். இரண்டாவது பேட்டரி வைத்து 24 ஆக்கினால் பாய் சொன்ன சார்ஜ் பிரச்னை. 12-ஐ 24 ஆக்குகிற கன்வெர்ட்டர் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். மொபைல் சார்ஜருக்கும் டேப் ரிக்கார்டருக்கும் கன்வெர்ட்டர் சரி. நாலைந்து கிலோவாட்டுக்குக் கன்வெர்ட்டர் வாங்குகிற காசில் இரண்டு வின்ச் வாங்கலாம்.

தலைகீழாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கோவாவில் 2014 முதல் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்று மழைக்காலத்தில் சேற்றுப் போட்டி நடத்தினார்கள். வின்ச் இல்லாமல் அங்கே ஒரு அடி நகரமுடியாது. அந்த மாதிரிப் போட்டி உலகத்தில் 12 வோல்ட் மோட்டாருக்கு வேண்டுமென்றே 24 கொடுத்து வேகத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள் உண்டு. சில வினாடி ஓட்டம், அப்புறம் ஆறவிடுவது. மோட்டார் கருகினால் மாற்ற ஸ்பேர் வைத்திருப்பார்கள். நாம் கருகின மோட்டாரை வைத்துக்கொண்டு சிப்காட் சேற்றில் ராத்திரி பத்து மணிக்கு என்ன செய்வது?

வோல்ட்டைத் தொடாமலேயே ஆம்பியரைப் பாதியாக்க ஒரு வழி இருக்கிறது. இதைத் தம்பிக்குச் சொன்னபோது நம்பவில்லை. கப்பி! கயிற்றின் நுனியைச் சிக்கின வண்டியில் மாட்டாமல், வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்து ஜீப்பின் கொக்கியிலேயே மாட்டவேண்டும். இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும், மோட்டார் கேட்கிற ஆம்பியரும் ஏறக்குறைய பாதியாகும். அவர் 24-ல் தேடின டபுள் இழுவை கப்பியில் இருந்தது. ஆனால் இடிந்த கிணற்றிலிருந்து கழற்றின ராட்டினத்தை எடுத்து வந்துவிடாதீர்கள். எத்தனை டன் தாங்கும் என்று முத்திரை போட்ட வின்ச் கப்பிதான் வேண்டும்.

கயிற்றை உருளையில் எவ்வளவு சுற்று மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். பெட்டியில் எழுதியிருக்கிற டன் கணக்கு, உருளையின் முதல் அடுக்குக் கயிற்றுக்கு மட்டும். ஒவ்வொரு அடுக்கு ஏற ஏற உருளை பருமனாகி இழுவை குறைந்துகொண்டே வரும். 'ரோப்பு பாதி சுத்தறதுக்குள்ள முனக ஆரம்பிச்சுடுது' என்றாரே, அதில் இதுவும் ஒரு பங்கு. கயிற்றை நிறைய வெளியே விட்டு, தள்ளி நின்று இழுத்தால் மோட்டாருக்கு லேசு. அதற்காகக் கடைசிச் சுற்றுவரை விட்டுவிடக் கூடாது. உருளையில் குறைந்தது நாலைந்து சுற்று இருக்கவேண்டும். ஒரு நிமிஷம் இழுத்தால் கொஞ்சம் ஆறவிடவேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

வின்ச் எத்தனை டன் வாங்குவது என்பதற்கு, ஆளும் சாமானும் ஏறின உங்கள் வண்டி எடையைப்போல ஒன்றரை மடங்கு என்று ஒரு பழக்கக் கணக்கு உண்டு. இரண்டு டன் வண்டிக்கு மூன்று டன். அமெரிக்காவில் வார்ன் கம்பெனி 1959-ல் இந்தப் பொழுதுபோக்கு வண்டி வின்ச்சைக் கொண்டுவந்த நாளிலிருந்து எல்லாம் பவுண்டு கணக்குத்தான். அவர்களுடைய பேர்பெற்ற மாடல் 8274. ஏதோ ஃபார்முலா என்று நினைத்திருந்தேன். 8 என்றால் 8000 பவுண்டு, 2 என்றால் பிப்ரவரி, 74 என்றால் 1974. பிறந்த தேதி! 8000 பவுண்டு நம் கணக்கில் 3,600 கிலோ சொச்சம். ஆனால் தம்பி இழுப்பது தன் வண்டியை அல்ல, அடுத்தவன் வண்டியை. அதனால் குட்டி யானைக்கும் பிக்கப்புக்கும் போ, லோடு லாரி என்றால் ஜேசிபியைக் கூப்பிடச் சொல்லிவிடு என்றேன். ஜீப் முன்னால் நகர்ந்துபோய் அதுவும் சேற்றில் உட்கார்ந்தால் இரண்டு வண்டிக்கும் சேர்த்து யாரைக் கூப்பிடுவது?

நான் கொஞ்சம் கடுமையாகச் சொன்னது கயிறு பற்றி. மில் யார்டில் ஒருமுறை இழுவையில் இருந்த கம்பிக் கயிறு அறுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் அது தகரக் கொட்டகையின் ஒரு ஷீட்டைக் கத்தரித்துவிட்டுப் போயிருந்தது. நல்லவேளை, டீ நேரம், யாரும் இல்லை. வின்ச் ஓடும்போது வேடிக்கை பார்க்க நம் ஊரில் எங்கிருந்துதான் அத்தனை கூட்டம் வருமோ! கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது, தாண்டக்கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கை மடித்துப் போட்டுவிடவேண்டும். அறுந்தால் அந்தப் பாரம் கயிற்றைத் தரையோடு அழுத்தும். கையுறை இல்லாமல் கம்பிக் கயிற்றைத் தொடவே கூடாது. கூட்டத்தை விரட்ட மனசில்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்றேன். பாய் சிரித்தார், தம்பி சிரிக்கவில்லை. நல்ல பையன்.

போலீஸ் விஷயம் ஒன்று. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிக்கு முன்னால் பூட்டுகிற இரும்பு பம்பர் கார்டுகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. வின்ச் பூட்டுவதற்கு இரும்பு பம்பர் மாற்றுகிறவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வின்ச் சமாசாரம் பரவி, ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிற ஒருவர் போன் பண்ணினார். அவரிடம் லாரி, சுத்தமான 24 வோல்ட். சம்பந்தி வீட்டில் யாரோ கொடுத்த 12 வோல்ட் வின்ச் சும்மா கிடக்கிறதாம். "இரண்டு பேட்டரியில ஒண்ணுலேருந்து மட்டும் 12 எடுத்துக்கிட்டா என்ன சார்? டேப் ரிக்கார்டருக்கு அப்படித்தானே எடுக்கிறோம்?"

எடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஓடுகிற லாரிகளில் எத்தனையோ இளையராஜா பாட்டு அந்த ஒற்றை பேட்டரியில்தான் ஓடியிருக்கிறது. விளைவு என்ன? அந்த ஒன்று எப்போதும் பாதி வயிறு, கூட இருக்கிறது அஜீரணம். டைனமோவுக்கு இரண்டும் சேர்த்து 28 என்றுதான் தெரியும். ஒன்று காய்வதும் ஒன்று பொங்குவதும் தெரியாது. ஒரு வருஷத்தில் இரண்டும் காயலான் கடைக்குப் போகும். பாட்டுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் எடுத்ததற்கே இந்தக் கதி. 400 ஆம்பியர் எடுத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. "உங்களுக்கு 24-தான் சார். சும்மா கிடைச்சதை ஜீப் வெச்சிருக்கிற யாருக்காவது கொடுத்துடுங்க" என்றேன். சம்பந்தி வீட்டுப் பொருளை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தார். அது எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட் கேள்வி அல்ல.

போன மாதம் பேசினவர் கேட்டது புதுசு. எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறார். "கீழே முன்னூறு நானூறு வோல்ட் பேட்டரி இருக்கே சார், வின்ச்சுக்கு அதுலேருந்து எடுத்தா ஆம்பியரே வராதே?" நான் எழுதினதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார்! அந்தப் பெரிய பேட்டரியின் ஆரஞ்சு ஒயரை கம்பெனி ஆள் தவிர யாரும் தொடக்கூடாது, ஆளைக் கொல்லும். விளக்குக்கும் ஹாரனுக்கும் அதே வண்டியில் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அது வின்ச்சைப் பார்த்தாலே படுத்துவிடும். டெஸ்லா தன் சைபர்ட்ரக்கில் அந்தச் சின்ன பேட்டரியை 48 வோல்ட்டாக்கி 2023 கடைசியில் விற்க ஆரம்பித்தது. 48-ல் 100 ஆம்பியர் போதும், கேபிளும் மெலியும். அந்த வழக்கம் எல்லா வண்டிக்கும் வருகிறவரை, சேற்றில் இறங்காமல் ஓட்டுங்கள் சார் என்று சொல்லி போனை வைத்தேன்.